குடும்ப வன்முறை வழக்குகளுக்கு வாரத்தில் ஒரு தனி நாள் ஒதுக்குங்கள்: மாவட்ட நீதிபதிகளுக்குச் செட்டிநாட்டிலிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களின் முதன்மை நீதிபதிகள், அம்மாவட்டங்களின் சட்டப் பணிகள் ஆணைக்குழுத் தலைவர்கள் என்ற முறையிலும்.

பொருள்: குடும்ப வன்முறை வழக்குகளைத் தனி நாளில், தக்க துணையுடன், வீட்டுக்குள் செல்லுபடியாகும் உத்தரவுகளோடு நடத்தக் கோருதல்.

மதிப்பிற்குரியோரே,

செட்டிநாடு என்று நாங்கள் சொல்லும் நிலம் வருவாய்க் கணக்கில் ஒரே மாவட்டம் அன்று. காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கத்து ஊர்கள் சிவகங்கையில் இருக்கின்றன. திருமயம், பொன்னமராவதி பக்கத்து ஊர்கள் புதுக்கோட்டையில் இருக்கின்றன. கொண்டு கொடுப்பதில் மட்டும் யாரும் இந்த எல்லையைப் பார்ப்பதில்லை. கட்டிக்கொடுத்த வீடு ஒரு மாவட்டத்திலும் பிறந்த வீடு மற்றொன்றிலுமாக இருக்கும் பெண், இரண்டில் எந்த ஊர் நீதிமன்றத்தின் படியேறினாலும் ஒரே விதமாக நடத்தப்பட வேண்டும் என்பதால் தங்கள் இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். புதிய கட்டடமோ புதிய பதவியோ நான் கேட்கவில்லை. இந்த ஊர்களின் நீதித்துறை நடுவர் நீதிமன்றங்களில் வாரத்தில் ஒரு நாளைக் குடும்ப வன்முறை மனுக்களுக்கு மட்டும் ஒதுக்கி, அந்த நாளில் அந்தப் பெண்களுக்குத் தேவையான துணையையும் அங்கேயே இருக்கச் செய்யும்படி கேட்கிறேன். தங்கள் அதிகாரத்துக்குள் வருவதைத் தாங்களே செய்யலாம். உயர் நீதிமன்றத்தின் ஒப்புதல் வேண்டியதற்குப் பரிந்துரை அனுப்பலாம்.

நான் வழக்கறிஞர் இல்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். என்னிடம் படித்த பெண்கள் கட்டிக்கொடுத்த இடத்தில் அடிபட்டு வரும்போது வேறு யாரும் உடன் வராத காரணத்தால் அவர்களோடு நீதிமன்றத்துக்குப் போகத் தொடங்கினேன். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தை அந்த நீதிமன்ற வாசல்களில் நின்றுதான் படித்தேன். 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கும் அந்தச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, மனு வந்த நாளிலிருந்து வழக்கமாக மூன்று நாளுக்குள் முதல் விசாரணை நடக்க வேண்டும் என்கிறது. முதல் விசாரணையிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்றும் சொல்கிறது. எதிர்மனுதாரருக்கு அறிவிப்பைச் சேர்க்க, இப்பெண்களுக்கு உதவ அரசு நியமிக்கும் பாதுகாப்பு அலுவலருக்கு 13-ஆம் பிரிவு தரும் காலம் அதிகபட்சம் இரண்டு நாள். 16-ஆம் பிரிவு மூடிய அறைக்குள் விசாரிக்க வழி செய்கிறது. 23-ஆம் பிரிவு எதிர்த்தரப்பு வருவதற்கு முன்பேகூட இடைக்கால உத்தரவு தர இடம் கொடுக்கிறது. 28-ஆம் பிரிவோ, 12-ஆம் பிரிவு மனுவை விசாரிக்க நீதிமன்றம் தனக்கென்று ஒரு நடைமுறையை வகுத்துக்கொள்ளலாம் என்றே சொல்லிவிடுகிறது. சிறப்பு நீதிமன்றத்துக்கு வேண்டிய சரக்கு அவ்வளவும் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் நடைமுறையில் அந்த மனு, காசோலை வழக்குக்கும் மணல் வண்டி வழக்குக்கும் இடையில் ஒரு எண்ணாகக் கிடக்கிறது.

நான் பார்த்த ஒரு நீதிமன்றத்தின் காலைப்பொழுதைச் சொல்கிறேன்; ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கு வேலை செய்பவர்கள்மேல் எனக்குக் குறையில்லை. பத்தரை மணிக்கு முன்பே தாழ்வாரம் நிறைந்துவிடும். கைவிலங்கோடு வந்தவர்களும் அவர்களைக் கூட்டிவந்த காவலர்களும், வக்காலத்துத் தாளோடு அலைகிற குமாஸ்தாக்களும், சாட்சி சொல்ல வந்த கடைக்காரரும் நிற்கும் அதே இடத்தில், இடுப்பில் பிள்ளையும் கையில் பையுமாக அந்தப் பெண் நிற்பாள். கணவன் வீட்டார் ஒரு வேன் நிறைய வந்து எதிர்ச்சுவரை ஒட்டி நின்றுகொள்வார்கள். ஒருவரும் மிரட்ட மாட்டார்கள். மாமியார் மட்டும் பேரனை நோக்கிக் கையை நீட்டுவார், பிள்ளை தாவும், அவள் இறுக்கிப் பிடிப்பாள், பிள்ளை அழும், தாழ்வாரம் முழுக்க அவளைத் திரும்பிப் பார்க்கும். டவாலி பெயரைக் கூப்பிடும் நேரத்தில் பேச்சு வராத நிலைக்கு அவள் வந்திருப்பாள். உள்ளே போய் இரண்டு நிமிடத்தில் வாய்தா வாங்கிக்கொண்டு வெளியே வந்து, "ஆச்சி, அடுத்த வாய்தாவுக்கு நான் வரலை, அவுக சொல்ற மாதிரியே முடிச்சுக்கிறேன்" என்று சொன்னவர்கள் உண்டு. அவர்கள் மனுவைத் திரும்பப் பெறும்போது பதிவேட்டில் சமாதானம் என்று எழுதப்படுகிறது.

இப்படி நடப்பது நம் நாட்டில் மட்டும் இல்லை; அதனால்தான் பல நாடுகள் இதற்கென்று தனி ஏற்பாடு செய்தன. கனடாவின் வினிபெக் நகரில் 1990-இலேயே குடும்ப வன்முறைக்கான சிறப்பு நீதிமன்றம் தொடங்கியது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1999-இல் இவ்வகை வழக்குகளை ஒரே நாளில் தொகுத்து விசாரிக்கும் வழக்கம் தொடங்கிப் பிறகு மற்ற ஊர்களுக்கும் பரவியது. அங்கே பாதிக்கப்பட்டவருக்குத் தனி வாசல், தனிக் காத்திருப்பு அறை, சாட்சி சொல்லும்போது மறைப்புத் திரை ஆகியவற்றோடு, காவல் துறையையும் நீதிமன்றத்தையும் சாராத ஆலோசகர் ஒருவர் முதலிலிருந்து கடைசி வரை உடனிருக்கிறார். நியூயார்க்கின் புரூக்ளினில் 1996-இல் ஏற்பட்ட நீதிமன்றம், உத்தரவு போட்டதோடு விடாமல், குற்றம் சாட்டப்பட்டவரைத் திரும்பத் திரும்ப வரவழைத்து உத்தரவின்படி நடக்கிறாரா என்று கேட்டது. ஆனால் நமக்கு நெருக்கமான பாடம் ஸ்பெயினுடையது. 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அங்கே அமைந்த நீதிமன்றங்கள் பெரிய நகரங்களில் தனித்து இயங்கின. சிறிய ஊர்களில், ஏற்கெனவே இருந்த நீதிமன்றம் ஒன்றே தன் மற்ற வேலைகளோடு இதையும் பார்த்தது. பாதுகாப்பு உத்தரவு கேட்டு வந்தால் 72 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது அங்கே விதி. அந்தச் சிற்றூர் ஏற்பாட்டைத்தான் காரைக்குடிக்கும் திருமயத்துக்கும் கேட்கிறேன். மாவட்டத் தலைநகரில் ஒரு மகளிர் நீதிமன்றம் இருப்பதாலேயே, தேவகோட்டைக்கு அந்தப்புறத்துக் கிராமத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி வர வேண்டியவளுக்கு அது இருப்பதாக ஆகிவிடாது.

தனி நாள் என்றால் என்ன மாறும் என்று கேட்கலாம். முதலில், அந்தத் தாழ்வாரம் மாறும். இரண்டாவதும் பெரியதுமான மாற்றம், ஒரே நடுவர் இதே வகை மனுக்களைத் தொடர்ந்து பார்ப்பதால் வருவது. அடித்த தடம் இல்லாமலே ஒரு பெண்ணை ஒடுக்கிவைக்க எத்தனை வழி உண்டு என்பது, கைப்பேசியைப் பிடுங்கி வைப்பது, சம்பளப் பணத்தை வாங்கிக்கொள்வது, பிறந்த வீட்டுக்குப் போக விடாமல் தடுப்பது என்று ஒவ்வொரு மனுவிலும் வேறு வேறு முகத்தோடு வருவது, கலந்த பட்டியலில் கண்ணுக்குத் தெரியாது. வரிசையாகப் பத்து மனுவைப் படிப்பவருக்குத் தெரியும். சட்டத்தின் 3-ஆம் பிரிவு உடல், பாலியல், சொல், மனம், பொருளாதாரம் ஆகிய அத்தனை வழிக் கொடுமையையும் வன்முறை என்றே கொள்கிறது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 38 விழுக்காட்டினர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். அவர்களில் நீதிமன்றம் வரை வருபவர்கள் மிகச் சிலர். அப்படி வருபவரை எப்படி நடத்துகிறோம் என்பதை அடுத்த வீட்டுப் பெண் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

தாமதத்துக்கு ஒரு காரணத்தை மட்டும் இங்கே குறிப்பிடுகிறேன். நடந்த வன்முறையைப் பற்றிப் பாதுகாப்பு அலுவலர் எழுதித் தரும் குடும்ப நிகழ்வு அறிக்கை வரட்டும் என்று மனுக்கள் வாரக்கணக்கில் காத்திருக்கின்றன. அந்த அறிக்கை இல்லாமலும் உத்தரவு தரலாம் என்று 2022-இல் பிரபா தியாகி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அறிக்கை வந்திருந்தால் அதைக் கருத்தில் கொள்ள வேண்டும். வரவில்லை என்பதற்காக இடைக்கால உத்தரவை நிறுத்திவைக்கத் தேவையில்லை.

இனி, இந்த மடலை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன். இந்தச் சட்டத்தின் உயிர், 17-ஆம் பிரிவு தரும் குடியிருக்கும் உரிமையிலும் 19-ஆம் பிரிவின் வசிப்பிட உத்தரவிலும் இருக்கிறது. அந்த வீடு கணவன் பெயரில் இருக்க வேண்டியதில்லை. 2006-இல் வந்த ஒரு தீர்ப்பு மாமனார் மாமியார் வீட்டில் மருமகளுக்கு இந்த உரிமை இல்லை என்று சொல்லியிருந்ததை, 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் மாற்றியது. உறவினர் பெயரில் உள்ள வீடானாலும், அவள் அங்கே நிலையாகக் குடும்பமாக வாழ்ந்திருந்தால் அது பகிர்ந்து வாழ்ந்த வீடுதான் என்றது. செட்டிநாட்டைவிட இந்தத் தீர்ப்பு அதிகம் தேவைப்படும் இடம் வேறெங்கும் இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கதவுமாக நீண்டு கிடக்கும் எங்கள் வீடுகள் தாத்தாவுக்குத் தாத்தா கட்டியவை. பங்குதாரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். வளவு என்னும் நடு முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகள் புள்ளிக் கணக்கில், அதாவது மணமான தம்பதி வாரியாக, பிரிந்திருக்கும். மணமானதும் பிள்ளையையும் மருமகளையும் வேறு வைக்கும் வழக்கத்தில், ஒரே கூரையின் கீழ் அவர்களுக்குத் தனி அறையும் தனி அடுப்பும் வந்துவிடும்.

இப்படிப்பட்ட வீட்டைப் பற்றி, "மனுதாரரை வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது" என்று ஒற்றை வரியில் உத்தரவு வந்தால் என்ன ஆகும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒருவரும் அவளை வெளியேற்றவில்லை. அவள் அறைக்கதவு பூட்டப்படவில்லை. இரண்டாம் கட்டிலிருந்து அடுப்படிக்குப் போகும் நடைக்கதவு மட்டும் உள்ளிருந்து தாழிடப்பட்டது. கிணறும் குளியலறையும் அதற்கு அப்பால் இருந்தன. அவளுடைய அறைக்கு வரும் மின்சாரத்தின் சுவிட்சுப் பெட்டி மாமனார் அறையில் இருந்தது. காவல் நிலையத்துக்குப் போனால், "உங்களை வீட்டை விட்டு அனுப்பலையேம்மா, உத்தரவுல அவ்வளவுதான் இருக்கு" என்றார்கள். அவர்கள் சொன்னதில் தவறில்லை, உத்தரவில் அவ்வளவுதான் இருந்தது. ஆனால் 19-ஆம் பிரிவின் முதல் உட்பிரிவில், அவள் வசிக்கும் பகுதிக்குள் எதிர்மனுதாரரோ உறவினரோ நுழையாமல் தடுக்கவும், வீட்டை விற்காமல் தடுக்கவும், வேண்டுமானால் அதே தரத்தில் வேறு வீடோ வாடகையோ தரச் செய்யவும் வழி இருக்கிறது. காவல் நிலையப் பொறுப்பாளர் உதவ வேண்டும் என்று ஆணையிடவும் அதே பிரிவில் இடமுண்டு. ஆகவே வசிப்பிட உத்தரவு ஒவ்வொன்றும் வீட்டின் வரைபடத்தோடு வர வேண்டும் என்பது என் முதன்மையான கோரிக்கை. எந்த அறை, எந்த அடுப்படி, எந்தக் கதவின் சாவி, தண்ணீருக்கு எந்த வழி, மின் இணைப்பு யார் கையில் என்பவற்றைப் பாதுகாப்பு அலுவலர் நேரில் போய்ப் பார்த்து ஒரு தாளில் வரைந்து தர வேண்டும். நடுவர் அதைப் பார்த்து உத்தரவை எழுத வேண்டும். தனி நாள் ஒதுக்கி, இந்த ஊர் வீடுகளை அறிந்த ஒருவர் தொடர்ந்து விசாரித்தால்தான் இது நடக்கும்.

வீட்டை விற்பதைப் பற்றியும் ஒரு சொல். இங்கே ஒரு வீடு பத்திரப் பதிவில்லாமலே காணாமல் போகும். நிலைக்கதவும் தேக்குத் தூணும் கண்ணாடியும் ஒவ்வொன்றாகப் பழம்பொருள் கடைக்குப் போய்ச் சேரும். கணவனின் பங்குக்குரிய பகுதியில் இருப்பவற்றைப் பிரித்து விற்கக் கூடாது என்று உத்தரவில் வெளிப்படையாக எழுதாவிட்டால், திரும்பிப் போகச் சுவர் மட்டும்தான் மிஞ்சும்.

சீர்ச்சாமான் விஷயத்தில் எங்கள் பக்கத்துக்கு ஒரு வசதி உண்டு. நீதிமன்றங்கள் அதைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை. நகரத்தார் வீட்டுத் திருமணங்களில் இசைகுடிமானம் என்னும் திருமண ஒப்பந்தம் எழுதி இரு தரப்பாரும் கையெழுத்திடுகிறார்கள். கொடுத்த வெள்ளி, வைரம், பித்தளை, எவர்சில்வர் சாமான்களுக்குப் பெரும்பாலும் சிட்டை, அதாவது எழுதிய பட்டியல், இருக்கும். தாயின் பெட்டியில் அந்தத் தாள் இருக்க, இங்கே மகள் நகைக்கு ரசீது இல்லை என்று குறுக்கு விசாரணையில் திணறுவாள். பெண்ணின் சீதனத்தைத் திருப்பித் தரச் சொல்ல 19-ஆம் பிரிவின் எட்டாம் உட்பிரிவு இருக்கிறது; வங்கிப் பெட்டகத்தைத் திறக்காமல் தடுக்க 18-ஆம் பிரிவு இருக்கிறது. முதல் நாளே அந்தச் சிட்டையின் நகலைக் கேட்டு வாங்கி, பெட்டகத்துக்கு இடைக்காலத் தடை போட்டால் பாதி வழக்கு அங்கேயே தெளிந்துவிடும். பல வருடம் ஆகிவிட்டதே என்ற எதிர்வாதமும் நிற்காது. தமிழ்நாட்டிலிருந்தே போன காமாட்சி வழக்கில், 12-ஆம் பிரிவு மனுவுக்கு ஓராண்டுக் காலவரம்பு பொருந்தாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையிலோ கட்டட வேலையிலோ கூலி வாங்கும் குடும்பங்களுக்குச் சிட்டையும் இல்லை, பெட்டகமும் இல்லை. அவர்களுக்குப் பயன்படுவது, முதலாளியே சம்பளத்தில் பிடித்து நேராக மனைவிக்குக் கொடுக்கச் சொல்லும் 20-ஆம் பிரிவு. வாரக்கூலியைக் கையில் கொடுக்கும் இடங்களில் அதை எப்படிச் செயல்படுத்துவது என்பதைச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர்கள் யோசித்து ஒரு மாதிரி மனு தயாரித்துக் கொடுக்கலாம்.

சமரசம் பேசுவதைப் பற்றிச் சற்று வெளிப்படையாகவே எழுத வேண்டியிருக்கிறது. 14-ஆம் பிரிவின்படி ஆலோசனைக்கு அனுப்புவது தவறில்லை. ஆனால் 2006-ஆம் ஆண்டு விதிகள், ஆலோசகர் எந்தத் தரப்புக்கும் உறவினராக இருக்கக் கூடாது என்கின்றன. வன்முறைக்கு நியாயம் கற்பிக்கும் பேச்சு ஆலோசனையில் இடம்பெறவே கூடாது என்கின்றன. நகரத்தாரின் ஒன்பது கோவில் பிரிவுகளுக்குள் எல்லாரும் பங்காளியோ சம்பந்தியோ ஆகிவிடும் ஊரில், பெரிய மனிதர் என்று ஒருவரை உட்கார வைத்தால் அவர் யாருக்காவது மாமனாக இருந்தே தீருவார். அவர் நல்லவராகவே இருக்கட்டும். "கோபத்துல ஒரு அடி அடிச்சுட்டான், அதுக்கா கோர்ட்டுக்கு வருவாக" என்று அவர் தொடங்கியதும் விதி மீறப்பட்டுவிடுகிறது. எனவே தனி நாள் விசாரணைக்கு அழைக்கும் ஆலோசகர்கள் வெளியூரிலிருந்து வரட்டும். இடைக்கால உத்தரவு போட்ட பிறகே பேச்சு தொடங்கட்டும். பாதுகாப்பில்லாத நிலையில் ஒப்புக்கொள்ளும் சமரசத்தை நான் சமரசமாக எண்ணுவதில்லை.

துணை என்று நான் கேட்பது மூவரை. பாதுகாப்பு அலுவலர் அந்த நாளில் நீதிமன்ற வளாகத்தில் இருக்க வேண்டும். மாவட்ட, வட்ட அளவில் இவர்களை நியமிக்குமாறு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டிருப்பதால் இதைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. பெண் என்ற தகுதியிலேயே, வருமானம் பாராமல், 1987-ஆம் ஆண்டுச் சட்டம் இலவச சட்ட உதவி தருவதால், ஆணைக்குழுவின் வழக்கறிஞர் ஒருவர் வாசலிலேயே அமர்ந்திருக்க வேண்டும். மூன்றாமவர், பயிற்சி பெற்ற ஒரு சட்டத் தன்னார்வலப் பெண். மனு எழுதும் நாளிலிருந்து உத்தரவு நிறைவேறும் நாள்வரை அதே பெண்ணோடு வருபவர், அடுத்து என்ன நடக்கும் என்று அவளுக்குப் புரியும் பேச்சில் சொல்பவர். 181 என்ற உதவி எண்ணுக்கு ராத்திரியில் பேசியவள், ஒருங்கிணைந்த சேவை மையத்திலும் மகளிர் காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் அதே கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டிய கொடுமையை இந்த மூன்றாமவரால் தவிர்க்க முடியும். சென்னையிலோ கோவையிலோ கட்டிக்கொடுத்து, இப்போது தாய் வீட்டுக்குத் திரும்பியிருப்பவள், தற்காலிகமாக வசிக்கும் இடத்திலேயே மனுச் செய்யலாம் என்ற 27-ஆம் பிரிவைப் பலரும் அறியவில்லை. அதை முதல் நாளே சொல்லவும் ஒருவர் வேண்டும்.

பொய் வழக்குகள் பெருகிவிடும் என்பார்கள். பெருகினால் அவற்றை விரைவில் கண்டுபிடிப்பவரும் இதே வழக்குகளைத் தொடர்ந்து பார்க்கும் நடுவராகத்தான் இருப்பார். 2020 நவம்பரில் ஜீவனாம்சம் பற்றிய ரஜ்னேஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கிய சொத்து, வருமான உறுதிமொழியை இரு தரப்பிடமும் முதலிலேயே வாங்கினால், மிகைப்படுத்திக் கேட்பவரும் மறைப்பவரும் ஒருங்கே வெளிப்படுவார்கள். 60 நாளில் முடியும் வழக்கு எதிர்மனுதாரருக்கும் நன்மைதான்.

கடைசியாக, உத்தரவுக்குப் பின் நடப்பது. பாதுகாப்பு உத்தரவை மீறினால் 31-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறையோ 20,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். ஆனால் மீறினான் என்று சொல்ல அவளே மறுபடியும் மனுப் போட வேண்டியிருக்கிறது. உத்தரவிட்ட ஒரு மாதத்துக்குள், அவள் கேட்காமலே, தனி நாளில் வழக்கை ஒருமுறை திரும்பக் கூப்பிட்டு, கதவு திறந்திருக்கிறதா, பணம் வந்ததா, சாமான் கைக்கு வந்ததா என்று பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டுப் பதிவு செய்யும் வழக்கத்தை ஏற்படுத்துங்கள். உத்தரவின் நகலை இலவசமாக அவளுக்கும் காவல் நிலையத்துக்கும் தர வேண்டும் என்ற 24-ஆம் பிரிவை, அன்றைக்கே தர வேண்டும் என்று நடைமுறைப்படுத்துங்கள்.

இக்கோரிக்கைகளில் எவற்றைத் தங்கள் அளவிலேயே தொடங்க முடியும், எவற்றை மதுரைக் கிளைக்கு எழுத வேண்டும் என்பதைத் தெரிவித்தால், இந்த ஊர்களின் பெண்கள் அமைப்புகளும் வழக்கறிஞர் சங்கங்களும் தன்னார்வலர் பட்டியலையும் காத்திருப்பு அறைக்கு வேண்டிய பாய், நாற்காலி, தண்ணீர் வசதியையும் ஏற்றுக்கொள்ளப் பேசி வைக்கிறேன். தொடங்கிய ஆறு மாதத்துக்குப் பின், வந்த மனு எத்தனை, மூன்று நாளுக்குள் எடுத்தவை எத்தனை, 60 நாளில் முடிந்தவை எத்தனை, திரும்பப் பெற்றவை எத்தனை என்ற கணக்கைப் பெயர் எதுவும் இல்லாமல் நீதிமன்ற அறிவிப்புப் பலகையில் ஒட்டும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
காரைக்குடி வட்டம்.